நொண்டி மாட்டை நானே வாங்கின விவரம்

திண்டிவனம்,
12-9-1966

மகா கனம் பொருந்திய மைத்துனர் துரைக்கண்ணு அவர்களுக்கு, மாட்டுத் தரகன் சுப்பராயலு இரு கரம் கூப்பி எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இரு கரம் என்பது வழக்கத்துக்காகப் போட்டது. சித்திரை மாசத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கரம் கூப்ப வருவதில்லை, இடது கரம் மட்டும் நெஞ்சுக்கு நேரே தனியாக நிற்கிறது. மற்றபடி இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, மழைக்குத்தான் குறைவு. திருவெண்ணெய்நல்லூரில் தங்கள் கரும்பும் பிள்ளைகளும் வளர்த்தியாக இருக்கும் என்று நம்புகிறேன். சொல்வது நான், எழுதுவது தங்கள் தங்கை அம்சா. நான் சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பென்சிலைக் கொடுத்திருக்கிறேன்.

"இனிமேல் சந்தை சந்தையாக அலைய வேண்டாம், இங்கே வந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்" என்று தாங்கள் எழுதி இரண்டு மாசம் ஆகிறது. பதில் போடாதது மரியாதைக் குறைவல்ல. சுகமாகி, சந்தையில் பழையபடி ஒரு ஜோடியைப் பேசி முடித்துவிட்டு, அந்தச் சங்கதியையே பதிலாக எழுதலாம் என்று காத்திருந்தேன். காத்திருந்த லட்சணத்தைக் கேளுங்கள்.

விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமைதோறும் மெட்ராசிலிருந்து ரயிலில் ஒரு பெண் வருகிறாள். இருபத்தைந்து வயசு இருக்கும். ஊசி போட மாட்டாள், மருந்து எழுத மாட்டாள், முடங்கின கைகாலுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அவள் வேலை. பிசியோதெரபி என்கிறார்கள், நாங்கள் பயிற்சியம்மா என்கிறோம். ஆனி மாசத்தில் அம்சா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண் என்னைக் கதவிலிருந்து சுவர் வரைக்கும் நடக்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள், பின்னால் நின்று பார்த்தாள், பக்கத்தில் நின்று பார்த்தாள், முழங்காலை அமுக்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோணம் அளக்கிற கருவி போல ஒன்றை மணிக்கட்டில் வைத்து அளந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருஷமாக நான் மாட்டுக்குச் செய்கிற வேலை இது! பல்லை மட்டும் பார்க்கவில்லை, அதில் அனுபவம் போதாது போலிருக்கிறது.

பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நொண்டி மாட்டை நல்ல மாடாக எப்படி நிறுத்துவது என்று எனக்கா தெரியாது? சந்தைக்குள் விடுமுன் ஒரு மைல் நடத்திச் சூடேற்ற வேண்டும், தலை ஆடாமல் கயிற்றைக் குட்டையாகப் பிடிக்க வேண்டும், மாடு திரும்புகிற சமயத்தில் வாங்குகிறவனிடம் ஊர்க்கதை பேச வேண்டும். அத்தனையும் செய்தேன். உள்ளே போகுமுன் ஆஸ்பத்திரிப் புளியமரத்தை எட்டுச் சுற்றுச் சுற்றி வந்திருந்தேன். வலது கையைத் துண்டால் விலாவோடு இறுக்கிக்கொண்டேன். திரும்பும்போதெல்லாம் "மெட்ராசுல தண்ணி கஷ்டமாமே?" என்று கேட்டேன். விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னபோது இடது கையையும் மேலே வைத்து அழுத்தினேன், மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். குளிக்க, சாப்பிட, பொத்தான் போட முடியுமா என்றதற்கு "பேஷா முடியும்" என்றேன். அம்சா வாயைத் திறந்தாள், நான் கண்ணால் மூட வைத்தேன். கடைசியில் அந்தப் பெண் சந்தோஷமாக ஏதோ எழுதி, "நல்லா இருக்கீங்க பெரியவரே, மூணு மாசம் கழிச்சு வந்தா போதும்" என்று அனுப்பிவிட்டாள். தங்களுக்கு அந்த மயிலைக் காளையைத் தள்ளிவிட்டபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை. இந்த வரியை அடிக்கச் சொன்னால் அம்சா அடிக்க மாட்டேன் என்கிறாள். தாங்கள் பெரிய மனசு பண்ண வேண்டும்.

பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினான். பெருமையில் வலது கையை நீட்டினேன். டிக்கெட் விரலிடுக்கில் நழுவி ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது மச்சான். மாடும் நான், தரகனும் நான், ஏமாந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனும் நான்! திண்டிவனம் வந்து இறங்குகிற வரைக்கும் தங்கள் தங்கைதான் எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தாள்.

அடுத்த புதன்கிழமை அவளே முன்னால் நடந்து போய், "இவரு சொன்னதெல்லாம் பொய்யிம்மா, பொத்தான் நான்தான் போட்டுக்கினு இருக்கேன், சோறு நான்தான் பெசஞ்சு ஊட்டிக்கினு இருக்கேன்" என்று உடைத்துவிட்டாள். அந்தப் பெண் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துவிட்டுப் பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். அம்சாவை எட்ட உட்கார வைத்து, "நீங்க ஒத்தாசை பண்ணக் கூடாது" என்று சொல்லிவிட்டு, என் சட்டையை நானே கழற்றச் சொன்னாள். நான் கழற்றி முடிப்பதற்குள் ஸ்டேஷனில் இரண்டு ரயில் போய்விட்டது. அதற்கப்புறம் மார்க் போட்டாள். மணிக்கட்டு மூன்று, விரல்கள் இரண்டு, கட்டைவிரல் ஒன்று. "எத்தனைக்கும்மா?" என்றேன். "அஞ்சுக்கு" என்றாள். "ஒண்ணுன்னா பெயிலா?" என்றேன். "ஒண்ணுன்னா விரலு நகரலை, ஆனா உள்ள சதை துடிக்குது. துடிக்கறதால நம்பிக்கை இருக்கு" என்றாள்.

புதுக் காகிதத்தில் நாலு கட்டம் போட்டு எனக்கு விளக்கினாள். "தலைக்குள்ள ரத்தக் குழாய் அடைச்சுதே, அது மொதக் கட்டம். அதனால விரலு மடங்கலை, அது ரெண்டாவது. மடங்காததால பொத்தான் போட முடியலை, அது மூணாவது. அதனால நாலு பேரு நடுவுல போக முடியாம வீட்டுல கெடக்கறீங்க, அது நாலாவது. நாலும் ஒண்ணில்ல பெரியவரே. மொதலாவது அப்படியே இருந்தாலும் நாலாவதைச் சரி பண்ணலாம்." எனக்கு அது சட்டென்று புரிந்தது. ஏருக்கு ஆகாது என்று தள்ளின மாடு செக்கில் பத்து வருஷம் சுற்றினதை நானே பார்த்திருக்கிறேன். இந்தப் பெண் தரகுக்கு வந்திருந்தால் எங்கள் பிழைப்பு போயிருக்கும்.

பிறகு, "உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டாள். சித்திரைக்கு அப்புறம் என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. அம்சா குளிக்கணும், கோயிலுக்குப் போகணும் என்று அடுக்கினாள். நான், "துண்டுக்குள்ள கை விடணும்" என்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை, கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம், எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் கணக்கு, பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது என்று விளக்கினேன். கட்டின பெண்டாட்டிக்கும் சொல்லாத தொழில் ரகசியத்தை அம்சா கேட்கும்படி சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பெண் உடனே என் துண்டை எடுத்து எங்கள் கைகளின் மேல் போட்டு, உள்ளே என் விரலைப் பிடித்து, "எத்தனை?" என்றாள். நாலு என்றேன். துண்டை எடுத்துக் காட்டினாள். இரண்டுதான். மறுபடியும் பிடித்தாள், மறுபடியும் தப்பு. விரல் மடங்காதது எனக்குத் தெரியும், விரலுக்குத் தொட்டது தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன் மச்சான்.

அவள் அழ விட்டு, பிறகு, "இடது கையால பேசினா என்ன?" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! சந்தையில் இடது கையை நீட்டுவதா? கோட்டக்குப்பம் அமீர் பாட்சா இருபது வருஷமாக என்னிடம் மாடு பிடிக்கிற வியாபாரி, தொழுகை தவறாத மனுஷர், இடது கையால் வெற்றிலைகூட வாங்க மாட்டார். அவரிடம் போய் இதை நீட்டினால் மாட்டை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்றேன். அவள் நாலாவது கட்டத்தில் எழுதிக்கொண்டே, "அப்ப இது உங்க கையோட குறை இல்ல, சந்தையோட குறை" என்றாள். சந்தைக்கு எப்போது வாதம் வந்தது? அதை எந்தக் கட்டிலில் படுக்க வைத்து எண்ணெய் தேய்ப்பாள்? படித்தவர்கள் பேச்சு இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனாலும் அவள் சொன்ன பயிற்சியைப் பத்து வாரம் விடாமல் செய்தேன். ஈரத் துணியைப் பிழிந்தேன். முறத்தில், அவள் வேர்க்கடலை என்கிற மல்லாட்டையைப் பரப்பி ஒவ்வொன்றாக எடுத்து உரிக்கச் சொன்னாள், உரித்ததையெல்லாம் தின்று வயிறு கெட்டு நாலு நாள் பயிற்சி நின்றது. கேப்பை மூட்டைக்குள் புளியங்கொட்டையைப் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையால் தேடி எடுக்க வேண்டும், அப்போதுதான் விரலுக்குத் தொடுகை திரும்பும் என்றாள். நான் ஓரக்கண்ணால் பார்க்கிறேன் என்று அம்சா என் கண்ணைக் கட்டிவிட்டாள். எதிர்வீட்டு முனியம்மாள் அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாமி வந்திருக்கிறது என்று எலுமிச்சம்பழத்தோடு வந்து குறி கேட்டாள். வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஒரு குறி சொன்னேன். அது பலித்துத் தொலைத்ததில் வாசலில் ஒரு வாரம் கூட்டம். விரல் மூன்று மார்க்குக்கு ஏறியது, கட்டைவிரல் மட்டும் ஒன்றிலேயே நின்றது.

பொறுமை இல்லாமல் போன வாரம் விழுப்புரம் சந்தைக்குப் போனேன். ஒரு ஜோடிக்கு விலை பேச நடுவில் நின்றேன். வாங்குகிறவன் துண்டுக்குள் பிடித்தது நாலு விரல், எனக்குத் தெரிந்தது மூன்று, விற்கிறவனுக்கும் மூன்றைத்தான் பிடித்துக் காட்டினேன். விற்கிறவன் "என்னய்யா, பட்டப்பகல்ல கொள்ளையா?" என்றான், வாங்குகிறவன் "நான் நாலு புடிச்சேன், இந்த ஆளு ஒண்ண முழுங்கிட்டான்" என்றான். இருவரும் என் சட்டையைப் பிடித்தார்கள். நாற்பது வருஷத்தில் என்னைத் திருடன் என்று ஒருவனும் சொன்னதில்லை. அமீர் பாட்சா பார்த்துக்கொண்டே நின்றார். கூட்டத்தை விலக்கி என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆகையால் மச்சான், தாங்கள் சொன்னதே சரி. என் தொழில் முடிந்தது. வருகிற வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புங்கள், நானும் அம்சாவும் வந்துவிடுகிறோம். தோட்டத்தில் நரி விரட்டுவதற்கு விரல் வேண்டாம். தங்கள் குடும்பம் கரும்பு போலத் தழைக்க வேண்டும், கரும்புக்கு நல்ல விலை வர வேண்டும் என்று வாழ்த்தி, பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதத்தை இடது கையால் அனுப்பும்,

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
சுப்பராயலு

பின்குறிப்பு: அண்ணா, அம்சா எழுதறேன். சத்தியம் போனா போகுது. மேலே இருக்கறதை எழுதி ஒட்டறதுக்குள்ள அமீர் பாட்சா பாய் வீட்டுக்கு வந்துட்டாரு. ஒடம்பு எப்படின்னு கேக்கலை. கொல்லையில கட்டியிருந்த எருமையைப் பாத்துட்டு, "தரகரே, இதுக்கு என்ன வெலை?"ன்னாரு. "கையி இல்லாதவன் கிட்ட ஏன் பேஜாரு பண்றீங்க பாய்"னு இவரு மூஞ்சியத் திருப்பிக்கினாரு. பாய் தோள் துண்டை எடுத்து விரிச்சாரு. தன்னோட இடது கையை அதுக்குள்ள வுட்டாரு. "துண்டுக்குள்ள எந்தக் கைன்னு எவன் பாக்கப் போறான்? ஜல்தியா குடுங்க"ன்னாரு. இவரு கையை வேட்டியில தொடைச்சிக்கினாரு. அப்புறம் இடது கையை உள்ள வுட்டாரு. கொஞ்ச நேரத்துல பாய், "யோவ், விரலை ஒடிச்சிடாதய்யா"ன்னு கத்தினாரு. இவரு வுடலை, இன்னும் ரெண்டு தரம் புடிச்சாரு. அந்த மூஞ்சியை நான் சித்திரைக்கு அப்புறம் இப்பத்தான் பாத்தேன் அண்ணா, எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. கட்டைவிரலுக்காகப் புதன்கெழமை பயிற்சியம்மா கிட்ட போறோம், செவ்வாக்கெழமை பாயோட சந்தைக்குப் போறாரு. அதனால நாங்க வரலை. வண்டி மட்டும் கட்டாயம் அனுப்புங்க, பின்னால ஒரு கறவை எருமையைக் கட்டி அனுப்புங்க. இருந்ததை இவரு வித்துட்டாரு.