யாருமே வராத விடுதி

ஒரு காட்டில், பெருந்தொற்று வந்து போன புதிதில், பக்கத்தில் யாராவது தும்மினால் புலிகூடப் பத்தடி தள்ளி நின்ற காலத்தில், மாசாணம் என்ற கரடி அருவிக்கரையில் விடுதி நடத்திவந்தது. நடத்திவந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு வருடமாக அங்கே ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. இந்தக் கோடையும் இப்படியே போனால் கதவைச் சாத்திவிட்டு, மறுபடி கறையான் புற்று தோண்டப் போக வேண்டியதுதான். நினைத்தாலே மாசாணத்துக்கு அழுகை வந்தது.

சீசன் தொடங்கியதும் ஒரு மான் குடும்பம் வந்தது.

"இங்க நிறைய பேர் தங்குவாங்களா?" என்று மான் கேட்டது.

காலியாகக் கிடந்தாலும் நிரம்பி வழிகிறது என்று சொல்வது விடுதிக்காரர்கள் வழக்கம். மாசாணத்துக்கும் வாயில் அதுவே தானாக வந்துவிட்டது. "என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? நேத்துகூட யானைக் கூட்டமே தங்கிட்டுப் போச்சுங்க. உங்க கட்டில்லதான் பெரியவர் படுத்திருந்தாரு."

மான் குட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே ஓடியது.

சமையல்கார முள்ளம்பன்றி மயிலாத்தா தலையில் அடித்துக்கொண்டது. "ஏனுங்ணா, ஒருக்கா உண்மையத்தான் சொல்லிப் பாருங்களேன்."

அடுத்து வந்த குரங்கிடம் மாசாணம் மென்று விழுங்கிச் சொன்னது. "இங்க யாருமே வர்றதில்லீங்க. கட்டில்ல சிலந்தி வலை கட்டிருச்சுங்க."

குரங்கின் முகம் மலர்ந்தது. "துடைச்சுராதீங்க. அப்படியே இருக்கட்டும்."

சேதி காடெங்கும் பரவியது. இருட்டுவதற்குள் எல்லா அறையும் நிரம்பிவிட்டது. காலையில் உண்மையாக இருந்தது சாயங்காலம் பொய்யாகிவிட்டால் அதற்குக் கரடி என்ன செய்யும்? சிலந்திக்குச் சாப்பாடு போட்டு எல்லாக் கட்டிலிலும் வலை கட்டச் சொன்னது. வந்தவர்களை ஆளுக்கொரு வழியாக உள்ளே கூட்டிப்போய், "உங்களைத் தவிர யாருமில்லீங்க" என்று ஒவ்வொருவர் காதிலும் சொன்னது.

மறுநாள் காலை மயிலாத்தாவின் மிளகுப் பொங்கல் மணத்துக்கு எல்லாக் கதவும் ஒன்றாகத் திறந்தன. எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். மாசாணத்துக்கு உயிரே போய்விட்டது. கறையான் புற்று கண்முன் வந்து நின்றது.

குரங்கு பக்கத்து அறை முயலிடம் கேட்டது. "நீங்களும் யாரும் வராத இடம்னுதான் வந்தீங்களா?"

"ஆமாங்க. எங்க சொந்தக்காரங்க அத்தனை பேரும் சொன்னாங்க. அவங்களும் சாயங்காலம் வர்றாங்க."

"அத்தனை பேரு சொல்றாங்கன்னா சரியாத்தான் இருக்கும்," என்று குரங்கு நிம்மதியாகப் பந்தியில் உட்கார்ந்தது.

அன்றே மாசாணம் வாசலில் பலகை மாட்டியது: 'இங்கே யாரும் வருவதில்லை. முன்பதிவு அவசியம்.'

நீதி: தனிமை தேடி வருகிறவரை ஒருபோதும் தனியாக விடாதே, பயந்துபோய் வேறு விடுதிக்குப் போய்விடுவார்.