பசியைக் காணோம், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டும். போனில் என்றால் பேச்சுக்கு முன்னால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால் கடிதம்.

நான் இளைத்துவிட்டேன். உடம்பு குறைய டாக்டர் வாராவாரம் வயிற்றில் போட்டுக்கொள்ளச் சொன்ன ஊசி கைமேல் பலன் தந்துவிட்டது. என் சட்டையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தால் தையல்காரர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு தைக்கலாம்மா. ஒண்ணு உனக்கு, ஒண்ணு உன் தங்கச்சிக்கு" என்கிறார். வீட்டிலேயே கடைசி நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை, தலையாட்டிவிட்டு வந்தேன். அலுவலகத்தில் அதைவிடக் கூத்து. பக்கத்து மேஜை கணக்கர் அண்ணன், "புதுசா சேர்ந்திருக்கீங்களா?" என்றார். கூச்சத்தில் ஆமாம் என்றுவிட்டேன். இப்போது தினமும் எனக்குப் பிரிண்டரைப் பற்றி விளக்குகிறார்.

எல்லாம் நல்லதுதான், ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து பசியைத்தான் காணோம். அம்மா தட்டை நீட்டினால் எனக்கு அது வெறும் தட்டாகத் தெரிகிறது. "ஏன்டி, பட்டம் வாங்கினா பசிக்காதா?" என்கிறாள். நம் வீட்டில் எது நடந்தாலும் பழி என் படிப்பின் மேல்தானே. அம்மா அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டும் சத்தம் கேட்டால் நாம் ஓடுவோமே, நீ என் கையைக் கிள்ளிவிட்டுப் பெரிய பொருக்கைப் பிடுங்கிக்கொள்வாயே, நேற்று அம்மா சுரண்டினாள். நான் அசையவில்லை. கிள்ள நீ இல்லை, ஓட நான் இல்லை. முழுப் பொருக்கும் என் முன்னால் ஆறிப்போனது. உன் கல்யாணத்தன்று வராத அழுகை அப்போது வந்தது.

லீவுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் அக்கா. உன் எதிரில் உட்கார்ந்து சும்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியமில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பாதியாகிவிட்ட தங்கை

பி.கு.: தபாலில் போடக் கூச்சப்பட்டு இதைப் பல நாளாகப் பையிலேயே சுமந்துகொண்டிருந்தேன். அதற்குள் அம்மா மிச்ச ஊசிகளை எல்லாம் ஃப்ரீசரில் வைத்துவிட்டாள். உறைந்தது உதவாதாம். "கெட்டுப் போயிடக் கூடாதேன்னுதான்டி வெச்சேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். இன்று கணக்கர் அண்ணன் பிரிண்டரை விளக்கிக்கொண்டிருக்கும்போது என் வயிறு அறை முழுக்கக் கேட்கும்படி உறுமியது. எனக்கு வெட்கமே வரவில்லை. புது ஊசிக்குச் சொல்லியாகிவிட்டது அக்கா. அது வருவதற்குள் நீ வந்துவிடு. நகம் வெட்டாமல் வா.