மூன்றும் பச்சை

"உன் விண்டோஸ்தான் மந்தம். என் லினக்ஸ் டக்குனு சொல்லிடுது."

"மந்தம் இல்லக்கா, நிதானம். சர்வர் கதவ மூடியிருந்தா உங்களுது ஒரே தட்டுல திரும்பிடும். என்னுது மறுபடியும் தட்டிப் பாக்கும்."

"மூடின கதவத் தட்டிக்கிட்டே இருக்கறதுக்குப் பேரு நிதானமா?"

சுவா நகரில் ஒரு சின்ன அலுவலகம். லிட்டியானாவும் அவினேஷும் காலையிலிருந்து இப்படித்தான். அவர்கள் எழுதிய மென்பொருள் லாவு தீவுகளின் மருத்துவ நிலையங்களுக்குப் போக வேண்டும். சர்வரோடு தொடர்பு இருக்கிறதா என்று நர்ஸுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அது தப்பாகச் சொன்னால், நோயாளியின் விவரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் நம்பிவிடுவார்.

தீவுகளில் நெட் வேகம் குறைவு என்பதால் மென்பொருள் பென் டிரைவில், மாலைக் கப்பலில் போகும். அடுத்த கப்பல் அடுத்த மாதம்தான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் சோதனை பச்சை காட்டினால் அனுப்பலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

சர்வரின் பதிலுக்காகப் புரோகிராம் காத்திருக்கும் நேரத்தை அவினேஷ் கூட்டினான். விண்டோஸ் பச்சையானது. மேக் சிவந்தது.

"அதுக்கு என்னவாம்?"

"நெட்வொர்க்கத் தொடலாமான்னு கேட்டுட்டு உக்காந்திருக்கு. யாராவது 'சரி'ய அமுக்கணுமாம்."

"காலைல கேக்கலையே?"

"புரோகிராம மாத்திட்டோம்ல. புது ஆளுன்னு நெனச்சுக்கிச்சு."

"போய் அமுக்கேன்."

"அது மேனேஜர் ரூமுல இருக்கு. ரூம் பூட்டியிருக்கு. அவரு சாவியோட தாவேயுனி தீவுல இருக்காரு."

"சரி, மேக்ல மட்டும் இந்தச் சோதனைய ஓட்டாதேன்னு ஒரு வரி போடு."

போட்டான். ஓடாத சோதனைக்கும் பச்சைதான்.

மரவள்ளியும் டின் மீனும் சாப்பிட்டுவிட்டு வந்து, கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள். இப்போது விண்டோஸும் சிவப்பு. இதுவரை மக்கர் பண்ணாத லினக்ஸும் சிவப்பு.

"உன் வரி எல்லாத்தையும் கெடுத்துடுச்சு."

"போடச் சொன்னது யாருக்கா?"

கப்பலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. லிட்டியானா பெருமூச்சு விட்டாள்.

"இந்த ரெண்டுக்கும் அதே வரியப் போட்டுடு."

மூன்றும் பச்சை. அவளுக்கு உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. ஆனால் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

பென் டிரைவை வாங்கிப் போக வரவேற்பிலிருந்து வசிதி வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"இத எப்படிச் சோதிச்சீங்க? ரோட்டத் தோண்டறவங்க கேபிள வெட்டிட்டாங்க. மத்தியானத்துலேருந்து நம்ம ஆபீஸ்ல நெட்டே இல்லையே."

கப்பல் பென் டிரைவ் இல்லாமல்தான் போனது. லிட்டியானா அந்த மூன்று வரிகளையும் அழித்துவிட்டாள். எதன் வாயையும் கட்டாமல் மூன்றையும் ஒரே பதில் சொல்லவைக்க வழி தெரிந்தவர்கள், தயவுசெய்து கீழே எழுதுங்கள்.