பத்து உம்மணாமூஞ்சிகள்

ஒரு வேலையில் நாலு பேர் நம்மைப் பாராட்டிவிட்டால் போதும், உலகத்தில் இருக்கிற மற்ற வேலைகளும் நமக்கு அத்துப்படி என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு அது இருபத்துமூன்று வயதில் வந்தது. கையில் பிரஷ் இருந்தது, தலையில் கனம் இருந்தது. இரண்டும் சேர்ந்து போய் இறங்கிய இடம் ஒரு கல்யாணப் பெண்ணின் பத்து விரல்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சிராங்கூன் ரோட்டிலும் அதைச் சுற்றியிருந்த சந்துகளிலும் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு தனித் திறமை உண்டு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள் (சரி, ஒரு கடைக்காரர்). அது கண்ணாடிக் கதவில் எழுதுவது. வெளிப்பக்கம் எழுதினால் தினமும் துடைத்துத் துடைத்தே பெயிண்ட் போய்விடும். அதனால் உள்ளே நின்றுகொண்டு எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எழுத வேண்டும். எழுதுகிறவன் கண்ணுக்கு அது கிறுக்கல். தெருவில் நிற்கிறவருக்கு அழகான தமிழ். பலகை எழுதுகிறவனுக்கு அல்ல, எதிரே நிற்கிறவருக்கு என்பதுதான் என் தொழிலின் வேதம். அந்த வேதம்தான் என் காலை வாரியது.

என் அக்கா ஜெசிந்தா எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, அழகுக்கலை படித்து, ஒரு கடைவீட்டின் மாடியில் சின்னதாகப் பார்லர் திறந்திருந்தாள். அத்தானுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. "ஒரு வருஷம் பாக்குறேன். ஓடலன்னா பேசாம ஃபேக்டரிக்குத் திரும்பிப் போயிடணும்" என்று சொல்லியிருந்தார். வருடம் முடியப் போகிற நேரத்திலும் அக்காவிடம் வந்தவர்கள் எல்லாரும் புருவம் திருத்திக்கொண்டு, வெயிலுக்குக் கொஞ்சம் விசிறியடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள்தான். ஒரு மணப்பெண்கூட வரவில்லை. மணப்பெண் வராத பார்லர் பார்லரே இல்லை என்று அக்கா இரவெல்லாம் புலம்புவாள்.

அப்போதுதான் ஸ்டெல்லா வந்தாள். கிளமெண்டிப் பெண், பேங்க்கில் வேலை, எங்கள் மாதா கோயிலிலேயே கல்யாணம். ஸ்டெல்லாவைவிட முக்கியமானவர் அவளுடைய பெரியம்மா. பிலோமினா பெரியம்மா என்றால் கோயிலில் தெரியாதவர் கிடையாது. பாடகர் குழுவை நடத்துகிறவர். கேக் எங்கே வாங்குவது, பூ யாரிடம் கட்டுவது, எந்தக் கடைத் தையல் பிரிந்துபோகும் என்பதையெல்லாம் பூசை முடிந்து வாசலில் நின்று அவர்தான் அறிவிப்பார். அவருக்குப் பிடித்துவிட்டால் அடுத்தடுத்த மணப்பெண்கள் அக்காவின் மாடிப்படியில் வரிசையில் நிற்பார்கள். பிடிக்காவிட்டால் ஃபேக்டரிதான். அக்கா அந்த வாரம் முழுவதும் ஜெபமாலையும் கையுமாக இருந்தாள்.

ஸ்டெல்லா ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்துவிட்டு ஃபிரெஞ்சு மெனிக்யூர் வேண்டும் என்று கேட்டிருந்தாள். நகம் முழுக்கச் சிவப்பு அடிக்கிற காலம் அது. இதில் நகம் இளஞ்சிவப்பாக இருக்கும், நுனி மட்டும் வெள்ளை. இரண்டு நிறமும் சேருகிற இடத்தில் ஒரு வளைவு வரும். அந்த வளைவுக்குத்தான் ஸ்மைல் லைன் என்று பெயர், சிரிப்புக் கோடு. அது சரியாக விழுந்தால் நகமே சிரிக்கும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், சுருள்முடி போட்டுப் பழகுகிறேன் என்று அக்கா மின்சார இடுக்கியைப் பிடிக்கக் கூடாத பக்கத்தில் பிடித்துவிட்டாள். வலது கையில் மூன்று விரல் கொப்பளித்துவிட்டது. ஸ்டெல்லாவும் பெரியம்மாவும் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது, எதிர்க் கடையில் ஏணிமேல் நின்றிருந்த என்னை அக்கா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"டேய் அந்தோணி, உனக்குக் கை நடுங்காதுல்ல?"

"எனக்கா? சாரத்துல நின்னு ஆறடி எழுத்து எழுதுறவன்கா நான். இத்துனூண்டு நகம் என்ன பெரிய விஷயம்?" (இந்த வாக்கியத்தை அக்கா இன்றைக்கும் என் குரலிலேயே சொல்லிக்காட்டுவாள்.)

"வாயை மூடிட்டுக் கேளு. அடிப்பூச்சு இடது கையால நானே எப்படியோ போட்டுடுவேன். நுனி வெள்ளை மட்டும் நீ போடு. எல்லா நகத்துக்கும் ஒரே அச்சுல போடக் கூடாது. அகல நகம்னா நல்லா ஆழமா வளைக்கணும், அப்பத்தான் ஒடுக்கமா தெரியும். குட்டை நகம்னா வெள்ளை மெலிசா இருக்கணும். மொத்தத்துல கஸ்டமருக்கு ஏத்த மாதிரி சிரிக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது லா."

அடிப்பூச்சைப் போட்டு முடித்ததும், விரலுக்குக் கட்டுப்போட அக்கா கிளினிக்குக்குப் போய்விட்டாள். பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மறுநாள் பாட்டுத்தாள்களை அடுக்க ஆரம்பித்தார். நான் ஸ்டெல்லாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் என் காதில் செருகியிருந்த பிரஷைப் பார்த்தாள்.

"அண்ணே, முன்னாடி யாருக்காவது போட்டிருக்கீங்களா?"

"பெரிய பெரிய கடைக்கெல்லாம் போட்டிருக்கேன்மா." (பொய் இல்லை. கடைக்குத்தான் போட்டிருந்தேன்.)

மேசையில் அந்தப் பத்திரிகைப் படம் இருந்தது. அதில் விரல் நுனிகள் என்னைப் பார்த்து நீண்டிருந்தன, கோடுகள் எல்லாம் அழகாகச் சிரித்தன. பத்திரிகையைத் தலைகீழாகத் திருப்பினேன். கோடுகள் எல்லாம் அழுதன. மறுபடி திருப்பினேன், சிரித்தன. எனக்குப் பகீரென்றது. அப்படியென்றால் எதிரே உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் நகம் சிரிக்கிறது. கையின் சொந்தக்காரிக்கு அது தலைகீழ்! பாவம், அந்தப் பெண் தன் கையைப் பார்க்கும்போதெல்லாம் அது அவளைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும். அக்கா என்ன சொன்னாள்? கஸ்டமருக்கு ஏத்த மாதிரி சிரிக்கணும். கஸ்டமர் யார்? எதிரே உட்கார்ந்திருக்கிறவள்.

பிரான்சு தேசத்தில் கண்ணாடிக் கதவு எழுதுகிறவன் ஒருவன்கூட இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, நான் இருக்கிறேன்.

வேலையை ஆரம்பித்தேன். கதவில் எழுதுகிற அதே முறைதான். எனக்குத் தலைகீழ், அவளுக்கு நேர். பெருவிரல் அகலம், அதனால் ஆழமான வளைவு. சுண்டுவிரல் குட்டை, அதனால் மெல்லிய வெள்ளை. அக்கா சொன்ன எல்லாவற்றையும் வார்த்தை பிசகாமல் செய்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோட்டையும் ஒரே இழுப்பில் இழுத்தேன். ஒரு பிசிறு கிடையாது. கடைசி நகத்தின் மூலையில் என் பெயரின் முதலெழுத்தைப் போடலாமா என்று கை துறுதுறுத்தது. எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

ஸ்டெல்லா கையை விரித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, சிரிக்குது லா! பெரியம்மா, இங்க வந்து பாருங்களேன்!"

பெரியம்மா எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தார்.

"என்னடி சிரிக்குது? பத்தும் உம்முன்னு இருக்கு!"

"நல்லா பாருங்க, சிரிக்குது."

"நல்லாத்தான் பாக்குறேன். பத்து உம்மணாமூஞ்சி. சாவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

"பெரியம்மா, நீங்க ஸ்டெல்லா பக்கம் போய் நின்னு பாருங்க" என்று நான் குறுக்கே புகுந்தேன். "இது கஸ்டமர் பக்கத்துல இருந்து பாக்குறதுக்கு."

"ஏன் தம்பி, நாளைக்கு மோதிரம் போடப் போற மாப்பிள்ளை எந்தப் பக்கம் நிப்பாரு?"

மாப்பிள்ளை மட்டுமா? ஃபாதர் எதிர்ப்பக்கம், போட்டோக்காரர் எதிர்ப்பக்கம். ஊர் உலகம் மொத்தமும் எதிர்ப்பக்கம். சிரிப்பு தெரிகிற பக்கம் மணப்பெண் ஒருத்திதான்.

கட்டுப்போட்ட கையோடு அக்கா உள்ளே வந்தாள். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள், நகங்களைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். ஒரு வருட உழைப்பை நான் அரைமணியில் கவிழ்த்துவிட்டேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அக்கா பூச்சை அழிக்கிற மருந்தையும் பஞ்சையும் எடுத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

ஸ்டெல்லா கைகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்கா. அழிக்காதீங்க."

"என்னடி பேசுற?" என்றார் பெரியம்மா.

"எனக்கு ரொம்ப பயமா இருக்கு பெரியம்மா. அவரை எனக்குச் சரியாக்கூடத் தெரியாது. நாளைக்குப் பூரா தலையைக் குனிஞ்சு என் கையைத்தான் பாத்துக்கிட்டு நிக்கப் போறேன். அது என்னைப் பாத்துச் சிரிச்சா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

பெரியம்மா பாட்டுத்தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு, "நடக்குறது நடக்கட்டும். இந்தக் கடை பேரை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் கோயிலில் நான் தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, வாக்குக் கொடுக்கும் நேரம் வரைக்கும். "இன்பத்திலும் துன்பத்திலும்" என்று ஆரம்பித்த ஸ்டெல்லா தலையைக் குனிந்தாள். பத்துச் சிரிப்புகளும் அவளைப் பார்த்தன. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. 'துன்பத்திலும்' என்ற இடத்தில் களுக்கென்று ஒரு சத்தம். ஃபாதர் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி களுக். மாப்பிள்ளை சேவியர் சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலை பார்க்கிறவர், நல்ல வாட்டசாட்டமான ஆள். மோதிரத்தோடு அவள் கையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறாள், விரலைப் பார்த்தால் முறைக்கிறது. எதை நம்புவது? மோதிரத்தை விரலருகே கொண்டுபோவதும் பின்னால் இழுப்பதுமாக இருந்தார். மேலே பாடகர் குழு தொண்டையைக் கனைத்தது. நான் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. கடையில் கால் வைக்கக் கூடாது என்று அத்தான் மூலமாகத் தடை உத்தரவு வந்தது. புருவம் திருத்துகிறவர்கள்கூடக் குறைந்துவிட்டார்கள். அத்தான் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. அவர் நல்லவர். ஆனால் ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்களாம் என்று சாப்பாட்டு நேரத்தில் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவும் சேவியரும் கடைக்கு வந்தார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று அக்கா என்னை அவசரமாகக் கூப்பிட்டனுப்பினாள் (அடி வாங்க ஓர் ஆள் வேண்டுமே). போய் நின்றேன்.

"நகம் போட்டது நீங்கதானா?" என்றார் சேவியர்.

"ஆமாண்ணே."

"அங்க இருந்த எல்லாரையும் விட்டுட்டு அது ஏன் என்னைப் பாத்தே முறைச்சுது பிரதர்?"

கண்ணாடிக் கதவுக் கதையைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, நாற்காலி நொறுங்குகிற மாதிரி சிரித்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், அடுத்த மாசம் என் தங்கச்சிக்கு மார்சிலிங்ல கல்யாணம். மாப்பிள்ளைப் பையன் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. அவளுக்கும் இதே மாதிரி போட்டு விடுங்க. மோதிரம் போடறப்பவே அவனுக்கு ஒரு பயம் வரணும். எனக்கு வந்துச்சுல்ல, அன்னையில இருந்து நான் இவகிட்ட குரலை உசத்துனதே இல்ல."

"அதுதான் பெரியம்மாவும் கோயில் பூரா சொல்லிட்டுத் திரியிறாங்க" என்றாள் ஸ்டெல்லா.

கடையின் பெயரை யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றவர், கடையின் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையை முறைக்கிற நகம் போடுகிற கடை எது என்று பெண்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். சிலருக்குச் சரியான கோடு, சிலருக்கு என் கோடு. அத்தான் அதற்குப் பிறகு ஃபேக்டரிப் பேச்சையே எடுக்கவில்லை. அக்கா என் கோட்டைப் பழகிக்கொண்டாள். என்னை மட்டும் பிரஷோடு உள்ளே விடவில்லை, இன்றுவரை விடுவதில்லை. எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கு நகம் போட்டாலும் அக்கா முதலில் கேட்கிற கேள்வி, "சிரிப்பு உனக்கா, அவனுக்கா?" எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சமீபத்தில் என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டாள்.

"அவருக்கே சிரிக்கட்டும் அத்தை. ஒரு நகம் மட்டும் என் பக்கமா திருப்பிப் போடுங்க" என்றாள் மகள். "கோயிலுக்குள்ள நடந்து போறப்ப அப்பா என் பக்கத்துலதானே வருவாங்க. அழுதுடுவாங்க. அவங்களுக்கு ஒண்ணு இருக்கட்டும்."

கோயிலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது குனிந்து பார்த்தேன். மற்ற நகங்கள் எல்லாம் மாப்பிள்ளை பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு போயின. சுண்டுவிரல் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், அந்தக் கோடு இடது பக்கம் கொஞ்சம் தூக்கல். நான் போட்டிருந்தால் நேராக இருந்திருக்கும்.