கை கழுவச் சொல்லிக் கொடுத்த ஜெபசீலன் சார்

"ஏளா, எப்பவும் நானேவா? போன வெள்ளிக்கெழமையும் நாந்தான பண்ணேன்!"

"அதுக்கு முந்துன வாரம் நான் பண்ணலயாக்கும்? ஒனக்கு மட்டுந்தான் மானம் மருவாதையா?"

"அப்பம் இந்த தடவ ஜெனிலா பண்ணட்டும். சின்னப் பிள்ள, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாவ."

"ஐயோ அக்கா, என்னைய விட்டுருங்க. எனக்குச் சிரிப்பு வந்துரும். நான் சிரிச்சேன்னா அம்புட்டு பேரும் மாட்டிக்கிடுவோம்!"

பூட்ஸ் மாத்துற ரூமுக்குள்ள நடந்த இந்தச் சண்டைய, வெளிய டெஸ்ட்டுக்கான படக் கட்டோட நின்ன ஜெபசீலன் சார் முழுசா கேட்டார். லேசா இருமினார். உள்ள சத்தம் கப்புன்னு நின்னுச்சு.

மொதல்ல ஈவாஞ்சலின் அக்கா வெளிய வந்தாங்க. அந்த இறால் கம்பெனியில ரொம்ப வருஷமா இருக்கிறவங்க. பின்னாடி பிரகாசி. அவங்க முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த ஜெனிலா.

"என்னக்கா, காலையிலேயே சண்ட?"

"சண்டையா? ஒண்ணும் இல்ல சார். கோயில் திருநாளுக்கு ஒரு நாடகம் போடுதோம். யாரு நடிக்கதுன்னு பேசிக்கிட்டு இருந்தோம்."

ஜெனிலா வாயப் பொத்திக்கிட்டு ஓடிட்டா.

ஜெபசீலன் சார் அத நம்பிட்டார். அவருக்கு அப்ப இருந்த கவலையில எதச் சொன்னாலும் நம்பியிருப்பார்.

அவர் அந்தக் கம்பெனிக்கு ட்ரெய்னரா வந்து ரெண்டு மாசம் தாண்டிருச்சு. அதுக்கு முன்னாடி ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல இருந்தார். அத மூடிட்டாங்க. நாப்பத்தஞ்சு வயசு தாண்டுனவருக்கு எவன் வேலை கொடுப்பான்? அலைஞ்சு திரிஞ்சு கிடைச்ச வேலை இது. சேர்ந்த அன்னைக்கே மொதலாளி வீரபாகு அண்ணாச்சி தெளிவா சொல்லிட்டார்.

"இங்க பாரும் வே. வெளிநாட்டுல ஒரு பெரிய பார்ட்டி நம்மகிட்ட இறால் வாங்கப் போறான். ஆனா வேலை செய்யுத அம்புட்டு பேருக்கும் சுத்தம் பத்தி ட்ரெய்னிங் கொடுத்து, டெஸ்ட்டு வச்சு, எல்லாரும் பாஸ் ஆயிருக்கணும்னு சொல்லுதான். மூணு மாசம் டயம். ஒருத்தி பெயிலானாலும் ஆர்டர் கிடையாது. ஆர்டர் கிடையாதுன்னா நீரும் கிடையாது."

பிரச்சினை என்னன்னா, ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் டெஸ்ட்டுல யாராவது ஒருத்தி பெயில்.

ஒருத்தியேன்னா கூடப் பரவாயில்ல, உக்கார வச்சு தேத்திரலாம். இது அப்படி இல்ல. இந்த வாரம் ஒருத்தி, அடுத்த வாரம் வேற ஒருத்தி. படகுல ஒரு ஓட்டைய அடைச்சா அடுத்த ஓட்டையில தண்ணி வர்ற மாதிரி. எழுதுற பதிலும் லேசுப்பட்டதா இல்ல.

'கீழே விழுந்த இறாலை என்ன செய்ய வேண்டும்?' இது கேள்வி. ஈவாஞ்சலின் அக்கா எழுதுன பதில்: 'எடுத்து ஊதிட்டுப் போடணும்.'

'தலைக்கு எதற்காகத் தொப்பி அணிகிறோம்?' பிரகாசியோட பதில்: 'உள்ள ஐஸ் போடுதாங்க, தலை குளிரும்.'

அக்கா அப்படி எழுதுன அன்னைக்கு மத்தியானமே, இறால் உரிக்கிற ரூமக் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தார். ஈவாஞ்சலின் அக்கா கையில இருந்து ஒரு இறால் வழுக்கிக் கீழ விழுந்துச்சு. அத எடுத்தாங்க, குப்பைக் கூடையில போட்டாங்க, போய்க் கைய முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து மறுபடியும் உரிக்க ஆரம்பிச்சாங்க. ஒரு குறை சொல்ல முடியாது.

'செய்யத் தெரியுது, எழுதத்தான் தெரியல. அப்ப தப்பு நம்ம டெஸ்ட்டுலதான்'னு அவருக்குப் பட்டுச்சு.

எழுதுற டெஸ்ட்ட தூக்கிட்டுப் படம் வச்சார். சரியான படத்தத் தொட்டுக் காட்டுனா போதும். மூக்கச் சொறிஞ்சிட்டு இறால் உரிக்கிற பொம்பள படத்துக்கு முன்னாடி பிரகாசி ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் அதையே தொட்டு, "இவதான் சார் சரி. முகத்துல ஒரு களை இருக்கு பாருங்க"ன்னு சொன்னா.

பின்னாடி நின்னவங்க எல்லாரும் சுவரப் பாத்துத் திரும்பிக்கிட்டாங்க. தோள் மட்டும் குலுங்குச்சு. தோழி தோத்துட்டாளேன்னு அழுதாங்கன்னு ஜெபசீலன் சார் நினைச்சார்.

வீட்டுல அவர் மனைவி கேட்டாங்க. "என்னங்க, சாப்பாட்ட அளஞ்சுக்கிட்டு இருக்கீங்க?"

"எனக்குச் சொல்லிக் கொடுக்கவே தெரியலயோன்னு இருக்கு."

"உங்களுக்கா? நம்ம பிள்ளைக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

"அவன் விழுந்து பல்லு போச்சே."

"ஓட்டுதான்லா இப்பம்?"

அந்த நேரத்துலதான் பூட்ஸ் ரூம் சண்ட அவர் காதுல விழுந்துச்சு. நாடகம்னு சொன்னதும் மனசுல பல்பு எரிஞ்சிருச்சு. இவங்களுக்கு நடிப்புதான் வருது, பாடத்த நாடகமாவே போட்டா என்ன?

அடுத்த வெள்ளிக்கெழமை அவரே பச்சை பெட்ஷீட்டப் போத்திக்கிட்டு, முகத்துல கரியப் பூசிக்கிட்டு, "நான்தான்டி கிருமி! உங்க நகத்துக்குள்ள குடியிருக்கேன்!"ன்னு குதிச்சு வந்தார். ஈவாஞ்சலின் அக்கா சோப்பு வேஷம். கிருமிய மேசைய சுத்தி வெரட்டு வெரட்டுன்னு வெரட்டுனாங்க. பெட்ஷீட் கால்ல சிக்கி ஜெபசீலன் சார் குப்புற விழுந்தார். ரூமே சிரிச்சுது. சிலருக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

"சார், இந்த மாதிரி கிளாஸ் எங்க ஆயுசுல பாத்ததில்ல சார்."

அவருக்கு உச்சி குளிர்ந்துச்சு. உடனே டெஸ்ட் வச்சார்.

ரெண்டு பேர் பெயில்.

இது வரைக்கும் ஒருத்தியா இருந்தது, நாடகம் போட்டதும் ரெண்டாயிருச்சு!

ராத்திரி பூரா யோசிச்சார். அப்பத்தான் ஒண்ணு பிடிபட்டுச்சு. பெயில் ஆனவங்களுக்கு சனிக்கெழமை தனியா கிளாஸ். ட்ரெய்னிங் ரூம்ல ஏசி, உக்கார நாற்காலி, டீ, பருப்பு வடை. பாஸ் ஆனவங்களுக்கு? ஈரத் தரையில நாள் முழுக்க நின்னுக்கிட்டு இறால் உரிக்கணும். 'அடப்பாவி, பெயில் ஆனா பரிசு கொடுக்கிறோம், யாருக்குத்தான் பாஸ் ஆக மனசு வரும்!'

மறுநாளே ஏசிய அணைச்சார். டீய நிறுத்தினார். வடையையும் நிறுத்தினார்.

அடுத்த வாரம் மூணு பேர் பெயில். அதுமட்டும் இல்ல, சனிக்கெழமை அவங்க மூணு பேரும் டிபன் பாக்ஸோட வந்தாங்க.

"கம்பெனியில டீய நிறுத்திட்டாவளாமே சார்? நீங்க பசியோட எப்படி கிளாஸ் எடுப்பிய? மீன் கட்லட் கொண்டாந்தோம்."

"நான்தான்மா நிறுத்துனேன்."

"நீங்களா? பாவம் சார், உங்களுக்கே உங்க மேல எரக்கம் இல்ல. சாப்பிடுங்க."

கட்லட் நல்லா இருந்துச்சு. அதுதான் அவருக்கு இன்னும் வருத்தமா இருந்துச்சு.

திங்கக்கெழமை வீரபாகு அண்ணாச்சி கூப்பிட்டு விட்டார்.

"என்ன வே ட்ரெய்னிங் நடத்துதீரு? போகப் போகக் கூடிக்கிட்டே போவுது! இப்பிடியே விட்டா கடைசியில வாட்ச்மேனும் பெயிலாவான் போல இருக்கே. வார புதன்கெழமை சென்னையில இருந்து ஆடிட்டர் அம்மா வாரா. அவளே நேர்ல டெஸ்ட் வைப்பாளாம். ஒருத்தி தப்பு பண்ணாலும் உம்ம பைய எடுத்துக்கிட்டு கெளம்பிக்கிட்டே இரும்."

அன்னைக்கு சாயங்காலம், ஷிஃப்ட் முடிஞ்சு எல்லாரும் வேனுக்குக் கெளம்பும்போது, ஜெபசீலன் சார் கேட்ல மறிச்சு நின்னார். படம் இல்ல, பெட்ஷீட் இல்ல.

"எம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க. புதன்கெழமை நீங்க பெயிலானா என் வேலை போயிரும். எனக்கு இத விட்டா வேற வேலை கிடைக்காது. என் கிளாஸ் நல்லா இல்லன்னா என்னையத் திட்டுங்க. ஆனா அன்னைக்கு ஒரு நாள் மட்டும் தெரிஞ்சதச் சரியா சொல்லிருங்க."

ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க.

"பெயிலானா... உங்க வேலை போயிருமா சார்?" ஈவாஞ்சலின் அக்கா கேட்டாங்க.

"ஆமாக்கா."

"ஐயையோ மாதாவே"ன்னு பிரகாசி தலையில கைய வச்சுக்கிட்டா.

வேன் கெளம்பிப் போச்சு. உப்பளத்துத் திருப்பம் வரைக்கும் உள்ள ஒரே கூச்சலும் சண்டையுமா கேட்டுச்சு.

புதன்கெழமை காலையில ஆடிட்டர் அம்மா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அண்ணாச்சி நல்ல குஷியில வெத்தல போட்டுக்கிட்டு இருந்தார்.

"இன்னைக்கு மட்டும் எல்லாவளும் பாஸ் ஆயிட்டா உமக்கும் நிம்மதி வே. நாளைக்கே கணக்க முடிச்சிருவோம்."

"எதுக்கு அண்ணாச்சி? பாஸ் ஆயிட்டாத்தான் வேலை இருக்கும்னீங்களே?"

"பெயிலானா கிடையாதுன்னு சொன்னேன். பாஸானா உண்டும்னு எப்பம் வே சொன்னேன்? எல்லாரும் படிச்சாச்சுன்னா வாத்தியாருக்கு என்ன சோலி?"

ஜெபசீலன் சார் வாயத் திறக்குறதுக்குள்ள கேட்ல கார் வந்து நின்னுச்சு.

ஆடிட்டர் அம்மா வந்தாங்க. தொப்பி, மாஸ்க், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டு, கைய ஒழுங்கா கழுவிட்டு உள்ள போனாங்க. கேள்வி மேல கேள்வி.

"கீழ விழுந்த இறால என்ன செய்வீங்க?"

"குப்பையில போட்டுட்டுக் கைய மறுபடியும் கழுவுவேன் மேடம். ஊதிட்டுப் போடப்படாது."

"கையில வெட்டுக் காயம் இருந்தா?"

"சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டு மேசைய விட்டு வெளிய வந்துருவேன் மேடம். காயம் ஆறுத வரைக்கும் இறாலத் தொட மாட்டேன்."

ஒருத்தி விடாம அம்புட்டு பேரும் சரி. ஆடிட்டர் அம்மாவுக்கு மூஞ்சி பூரா சிரிப்பு. ஓரமா நின்ன ஜெபசீலன் சாருக்குக் கண்ணு கலங்கிருச்சு. பெருமையும் துக்கமும் ஒண்ணா வந்தா மனுஷன் எத வெளிய காட்டுவான்?

அப்போ ஜெனிலா மெல்ல கண்ணாடி ஜன்னல் பக்கம் போனா. வெளிய நின்னு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்த மொதலாளியப் பாத்துக் கைய ஆட்டினா.

"மொதலாளி! மேடம் ரொம்ப சந்தோசமா இருக்காவ. ஒடனே உள்ள வாங்க!"

அண்ணாச்சிக்கு நிலை கொள்ளல. போட்ட செருப்போட, கையில மோதிரத்தோட, வாயில வெத்தலையோட, தொப்பியும் இல்லாம குழாயும் தொடாம விறுவிறுன்னு உள்ள வந்துட்டார். வந்ததோட விடல. மேசையில இருந்து ஒரு இறாலக் கையில தூக்கிக் காட்டி, "எப்பிடி மேடம் நம்ம சரக்கு?"ன்னு கேட்டார்.

உரிச்சுக்கிட்டு இருந்த பொம்பளைங்க எல்லாரும் ஒண்ணா ஆடிட்டர் அம்மாவப் பாத்தாங்க.

"சார், நீங்க ட்ரெய்னிங் எடுத்தீங்களா?"ன்னு ஆடிட்டர் அம்மா கேட்டாங்க.

"எனக்கு எதுக்கு மேடம்? நான் மொதலாளில்லா!"

"உள்ள வர்ற எல்லாருக்கும் ரூல் ஒண்ணுதான். ஆர்டருக்கு நான் ஓகே சொல்றேன். ஆனா ஒரு கண்டிஷன். நீங்க பாஸ் பண்ற வரைக்கும் இந்த ட்ரெய்னர் இங்கதான் இருக்கணும். அதுக்கப்புறமும் புதுசா யாராவது வேலைக்கு வந்தா இவர்தான் சொல்லிக் கொடுக்கணும்."

அண்ணாச்சி கையில இருந்த இறால் கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தார். ஊதினார்.

"சார்!"னு ஆடிட்டர் அம்மா கத்துனாங்க.

அன்னைக்கு சாயங்காலம் ஜெபசீலன் சார் பஸ்ஸுக்கு நிக்கல. பொம்பளைங்க வேன்ல இடம் போட்டு ஏத்திக்கிட்டாங்க. டிரைவர் முஜாஹித் பாய் பக்கத்துல முன் சீட்டு. பின்னாடி ஒரே பாட்டும் கும்மாளமும். மெக்ரூன் மிட்டாய்ப் பொட்டலம் கை மாறி கை மாறி முன்னாடி வந்துச்சு.

"ஒண்ணு மட்டும் புரியல பாய்" ஜெபசீலன் சார் வாய் நிறைய மெக்ரூனோட சொன்னார். "எத்தன வாரமா ஆளு மாத்தி ஆளு பெயிலானாங்க. இன்னைக்கு மட்டும் எப்படி எல்லாரும் பாஸ்?"

முஜாஹித் பாய் கண்ணாடியில பின்னாடி ஒரு தடவ பாத்துட்டுச் சிரிச்சார்.

"நீங்க சேர்ந்த மொத வாரமே, 'எல்லாவளும் பாஸான அன்னைக்கு வாத்தியார அனுப்பிரலாம்'னு மொதலாளி போன்ல பேசுனத இவிய கேட்டுட்டாவ சார், அதுல இருந்து உங்கள அனுப்பிரக் கூடாதுன்னு வேன்ல சண்ட போட்டு முறை வச்சுல்லா பெயிலானாவ, இன்னைக்கு முறை ஜெனிலாவுக்கு, ஆனா அவ பெயிலானாலும் உங்க வேலை போயிரும், அவளுக்குச் சிரிப்பும் அடங்காது, அதான் அவளுக்குப் பதிலா மொதலாளிய பெயிலாக்கி விட்டாவ!"

வாசகர்களே, இப்ப நீங்க சொல்லுங்க. ஜெபசீலன் சார் அண்ணாச்சிக்கு ஒழுங்கா சொல்லிக் கொடுத்து சீக்கிரம் பாஸ் ஆக்கணுமா, இல்ல கொஞ்சம் மெதுவாவே சொல்லிக் கொடுக்கலாமா? உங்களுக்குத் தோணுறத கீழ எழுதுங்க, ஒண்ணு விடாம படிக்கிறேன்.