நொசில் காக்கா களவெட்டியில் எயார் எடுத்த கதை

கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் எந்த டீசல் எஞ்சினும் நொசில் காக்காவின் அனுமதியில்லாமல் மௌத்தாகி அடங்கியதில்லை. ஊருக்கே அவர் காக்கா, அதாவது அண்ணன்; அவருடைய சொந்தப் பெயர் அவருடைய பெண்சாதிக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

அவருடைய கராஜுக்கு முதன்முதல் நான் சைக்கிள் பம்பு இரவல் கேட்டுத்தான் போனேன். அவர் நொசில் என்ற விரலளவு இரும்புத் துண்டொன்றைக் குழாயில் பூட்டிக் கைப்பிடியை ஓர் அமுக்கு அமுக்கினார். 'க்ரீக்' என்று ஒரு சத்தம். டீசல் புகையாய்ப் பீச்சியடித்தது. ஆசையாகக் கையை நீட்டினேன். கையில் ஓர் அடி விழுந்தது.

“கைய எடு மனே! தோலப் பொத்துக்கிட்டு உள்ளுக்குப் போகும். மறுகா கையத்தான் வெட்டோணும்.”

போத்தலில் சாதுவாக இருக்கும் டீசலுக்குத் தோலைத் துளைக்கும் கோபம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வி தலைக்குள் புகுந்த அன்றிலிருந்து எனக்குக் கராஜே கதி. பம்பை இரவல் வாங்கவே மறந்துவிட்டேன்.

காக்கா விளக்கம் சொன்னால் மறக்காது. “நொசில் எண்டாப் புது மாப்பிள்ள மாதிரி. சும்மா கேட்டா வாய் திறக்காது. பம்பு நெருக்கணும், இன்னும் நெருக்கணும். உள்ளுக்க இரிக்கிற ஸ்பிரிங் தாங்க ஏலாமப் போகக்குள்ளதான் வாயத் திறக்கும். திறந்தா ஒரே பீச்சு! சிலிண்டருக்குள்ள காத்து நெரிபட்டு அடுப்பாக் கொதிச்சிட்டு இரிக்கும். டீசல் பட்டதும் தானாப் பத்தும். சிலிண்டருக்குள்ள காத்து நமக்குக் கூட்டாளி. பைப்புக்குள்ள காத்து எதிரி. அது பஞ்சு மாதிரி அமுங்கிக் குடுத்திரும். பம்பு நெருக்கிறது நொசிலுக்குத் தெரியவே தெரியா.”

நொசிலொன்றைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அத்தர் போல எடுத்து முகர்ந்தும் பார்ப்பார். ஒரு கலியாண வீட்டில் அது பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுக்குள் விழுந்துவிட்டது. கூட உட்கார்ந்தவர் மூளை எலும்பென்று எடுத்து உறிஞ்சத் தொடங்கிய பிறகுதான் காக்கா கண்டார். “மெதுவா காக்கா, நுனி பழுதாப் போயிரும்” என்றாரே தவிர, அந்த மனிதரின் வாயைப் பற்றி ஒரு கவலையும் படவில்லை.

இந்தப் பெரும்போக நெல் வெட்டில் மாவடிப்பள்ளி வயல்வட்டையில், வயல் முதலாளியான ஒரு போடியாரின் வேளாண்மை முழுவதும் களவெட்டியில், சூடடிக்கும் களத்தில், கிடந்தது. கதிர்ச்சூட்டின் மேல் சுற்றிச் சுற்றி ஓடி நெல்லை உதிர்த்துக்கொண்டிருந்த டிரெக்டர் நடுக்களத்தில் நின்றுவிட்டது. மேற்கே வானம் சட்டிக் கறுப்பு. மழை விழுந்தால் நெல் கிடந்த இடத்திலேயே முளைக்கும். காக்காவுக்கு ஆள் வந்தது. அவருடைய சைக்கிள் பாரில் நானும் தொற்றிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துக் களவெட்டிக்குள் குறைவைச் சொல்லும் சொல் வாயில் வரக்கூடாது. 'இல்லை' கூடாது, 'முடிஞ்சுது' கூடாது, 'காணாது' கூடாது. சொன்னால் பரக்கத்து, விளைச்சலின் பெருக்கம், போய்விடும். எதற்கும் 'பெருகு' என்று பொருள்படும் 'பொலி'தான்.

“டாங்கியக் காய விட்டியா?” என்று காக்கா கேட்டார்.

டிரைவர் போடியாரைப் பார்த்தான். போடியார் வானத்தைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. டீசல் முடியப்போவது டிரைவருக்குத் தெரியும். அதைக் களத்துக்குள் சொல்ல ஏலாமல், எஞ்சின் காற்றைக் குடித்து அடங்கும் வரை சுற்றியிருக்கிறான். பிறகு டாங்கியை நிரப்பி என்ன பயன்? காற்று குழாய்க்குள் குடியேறிவிட்டது.

நான் படித்தவன் அல்லவா? “பைப்புல பிரஷர் இல்ல காக்கா!” என்று களமே கேட்கக் கத்தினேன்.

“ஆர்ரா இவன்? என்ட களத்துல நிண்டுக்கிட்டு இல்ல எண்டுறான்! வரம்புக்கு அங்கால போடா!” போடியாரின் துவாய் என் முதுகில் விழுந்தது. நான் வரம்புக்கு வெளியே பாய்ந்தேன்.

குழாய்க்குள் இருந்த எயாரை, அந்தக் காற்றை, வெளியேற்றக் காக்கா எஞ்சினுக்கு இந்தப் பக்கம் குந்திக் கைப்பம்பை அடித்தார். அந்தப் பக்கம் டிரைவர் பம்பின் திருகாணியைத் தளர்த்திப் பார்த்தான்.

“எயார் வருதா?”

“ஓம் காக்கா, குமிழி பொலியுது!”

“இப்ப?”

“பொலியுது!”

“இப்ப?”

குமிழி நின்றுவிட்டது. சுத்தமான டீசல் டிரைவரின் இடுப்புச் சாரத்தில் வழிந்தது.

“டேய், எயார் வருதா?”

“டீசல் வடிவா வருது காக்கா!”

“நான் டீசலக் கேட்டனா? எயாரக் கேட்டன். கேட்டதுக்குப் பதில் சொல்லு!”

டிரைவருக்கு அழுகை வந்தது. ஒரே ஓட்டமாக வரம்பைத் தாண்டி வந்து, என் பக்கத்தில் நின்று, “எயார் இல்ல!” என்று கத்திவிட்டுத் திரும்பி ஓடினான். அதைக் கேட்ட காக்கா அடிப்பதை நிறுத்தினார். திறந்து கிடந்த திருகாணி வழியாகக் காற்று திரும்பவும் உள்ளே போனது. மேற்கே இடித்தது.

காக்கா எழுந்து நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“மனே, நீ எப்பிடியும் வெளியாலதானே நிக்கிறாய்? அங்கயே நில்லு. குமிழி நிண்டா இவன் ஒரு கையத் தூக்குவான், மத்தக் கையால திருகாணிய இறுக்குவான். நீ வாயில வாறதச் சொல்லு.”

அதன்பிறகு வேலை பறந்தது. டிரைவர் கை தூக்க, நான் வரம்பில் நின்று “எயார் இல்ல!” என்று முழங்கினேன். நொசில்களுக்குப் போகும் குழாய் ஒவ்வொன்றுக்கும் அதே கூத்து. என் ஒவ்வோர் 'இல்ல'வுக்கும் ஈடுகட்டப் போடியார், “பொலி, பொலி, பொலி” என்று ஓதிக்கொண்டே இருந்தார். கடைசி நட்டை இறுக்கியதும் எஞ்சின் இருமியது, செருமியது, கறுப்பாய் ஊதியது, பிடித்துக்கொண்டது! சூடு மிதித்து முடித்து, பொலி நெல்லைக் குவித்துப் படங்குத் துணியால் மூடிய பிறகுதான் மழை கொட்டியது. போடியார் நனைந்தபடி நின்று சிரித்தார்.

திரும்பும் வழியில் காரைதீவுச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினோம். காக்கா சட்டைப் பையிலிருந்து நொசிலை எடுத்து முகர்ந்தார்.

“ஏன் மனே, காருக்கு மட்டும் பெற்றோல வாசல்லயே காத்தோட கலந்து அனுப்புறாங்க? நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சினா என்ன?”

“டீசல்ல இரிக்கிற வழுவழுப்பு பெற்றோல்ல இல்ல காக்கா. பம்பு காஞ்சு இறுகிடும்.”

“இறுகினாக் கழட்டுவம். கழட்டினாப் பூட்டுவம். உனக்கென்ன அவசரம்?”

வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு, கராஜின் பின்னால் கிடக்கும் பழைய காரில் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, டிரெக்டர் பம்பொன்றைப் பூட்டப்போகிறோம். வழுவழுப்புக்குப் பெற்றோலில் கொஞ்சம் எஞ்சின் ஒயிலும் கலப்போம். ஓடும் என்று காக்காவுக்கு நிச்சயம். ஓடாது என்று எனக்கு நிச்சயம். எனக்குக் கம்பஸில், பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்த கடிதம் எந்த நாளும் வரலாமென்று உம்மா தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டபடி இருக்கிறா. அது ஒரு கிழமை பிந்தி வரட்டும் என்று நான் அல்லாஹ்விடம் துஆக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.