படகில் பார்த்த படம்

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போகும் படகு நகர்வதற்கு முன்னரே எல்லாக் கண்களும் சிவபாதத்தின் மடியில் இருந்த பெரிய கவரில்தான் இருந்தன.

மூன்று மாதமாக அவருக்கு முதுகின் அடியில், நாரியிலும் இடுப்பிலும் நோ. இனி நடக்கவே முடியாமல் போய்விடுமோ என்று பயந்து பயந்து, இன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்திருந்தார். டொக்டர் பார்ப்பது அடுத்த செவ்வாய். ஆனால் எக்ஸ்ரே கவரோடு படகில் ஏறிய எவரும் படத்தைக் காட்டாமல் இறங்கியதாகச் சரித்திரமே இல்லை.

முன்னால் இருந்த மீன் வியாபாரி மேரிஜோசப்பின், தன் கையிலிருந்த அதே மாதிரிக் கவரால் விசிறிக்கொண்டே கேட்டார்.

"எடும் தம்பி, பாப்பம்."

படத்தை வாங்கி மேரிஜோசப்பின் வெயிலுக்குப் பிடித்தார். எல்லாரும் எழும்பி வந்து பார்த்ததில் படகே ஒரு பக்கம் சரிந்தது.

"ஐயோ, உக்கின பனங்குத்தி மாதிரியெல்லே கிடக்கு."

சிவபாதம் முழங்காலைத் தடவிப் பார்த்தார். "நான் நடப்பனோ, அக்கா?"

"நடக்கிறதோ? உம்மை ஆர் முதல்ல இருக்கச் சொன்னது? எழும்பும்."

எழும்பினார். அலை அடித்தது. நாரி கடக்கென்றது.

"நிக்கவும் கூடாது. படும்."

மெசினுக்குப் பக்கத்துப் பலகையில் படுத்தார். மெசின் அதிர்ந்த அதிர்வில் பல்லெல்லாம் இடம் மாறின. உருண்டு விடுவார் என்று நாலு பேர் சேர்ந்து நங்கூரக் கயிற்றால் பலகையோடு கட்டினார்கள்.

"அக்கா, கால் விறைக்குது."

"தொடங்கிட்டுது," என்றார் மேரிஜோசப்பின், படத்தை மறுபடி பார்த்து. "இந்த எலும்போட ஒரு சீவன் இவ்வளவு தூரம் வந்ததே மாதாவின்ர புதுமை."

சிவபாதம் மனைவிக்குப் போன் எடுத்தார். "கமலாதேவி, கட்டிலை விறாந்தைக்கு எடுத்துப் போடும். இனி என்ர காலம் அதிலதான்."

"அப்ப மாட்டை ஆர் அவிட்டுக் கட்டுறது?"

அனலைதீவு வந்தது. கயிற்றை அவிழ்த்தும் அவருடைய கால் அசையவில்லை. தூக்கத்தான் வேண்டும் என்றதும் ஆம்பிளைகள் எல்லாரும் தங்கள் தங்கள் நாரியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள்.

மேரிஜோசப்பின் சேலையை இழுத்துச் செருகினார். மீன்பெட்டியைத் தூக்குவதுபோல் சிவபாதத்தைத் தூக்கித் தோளில் போட்டார். ஒரே எட்டில் இறங்குதுறையில் ஏறி நின்றார்.

படகோட்டி ஷாருஜன் பலகையில் கிடந்த படத்தை எடுத்து, அதன் மூலையில் இருந்த பெயரை வாசித்தான்.

"மேரி அக்கா, ஏறேக்க ரெண்டு பேரின்ர கவரையும் வாங்கி வைச்சனான், திருப்பித் தரேக்க மாத்தித் தந்திட்டன். இது உங்கட நாரி."